ஒரு சாண் உயரம்

கம்புக்காரர் வாழ்நாளில் உருப்படியாகச் செய்த வேலை ஒன்றுதான், நிற்பது. நின்றார் என்றால் அப்படி ஒரு நிற்பு. காக்காய் பக்கத்தில் வந்து, தோளில் உட்காரலாமா என்று யோசித்துவிட்டுப் போகும். சாலை போடும் அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருஷம் நின்று ஓய்வு பெற்றவருக்கு இப்போது மாடிப்படியைக் கண்டாலே முழங்கால் இரண்டும் முனகுகின்றன. ஆனாலும் அந்தக் கால்கள் மேல் அவருக்கு ஒரு குறையும் கிடையாது. சாயங்காலம் எண்ணெய் தேய்க்கும்போது, "நல்லா உழைச்சீங்கப்பா, புண்ணியமாப் போகும்" என்று இரண்டுக்கும் தனித்தனியாகச் சொல்வார்.

நன்றி சொல்வது அவருக்கு ஒரு வியாதி. பஸ் நடத்துநர் சீட்டுக் கிழித்துக் கொடுத்தால் புண்ணியமாப் போகும். மருந்துக் கடைக்காரர் மாத்திரையை எண்ணிக் கொடுத்தால் புண்ணியமாப் போகும். "உங்க வாயால நன்றி வாங்காதது இந்தத் தெருவுல விளக்குக் கம்பம் மட்டும்தான்" என்பார் மனைவி. "ஏன், அதுவும்தானே வெளிச்சம் குடுக்குது" என்று அவர் அதையும் விடமாட்டார்.

ஆனால் நன்றி சொல்ல வேண்டிய ஒரே ஒரு மனிதர் இருக்கும் தெருப் பக்கம் மட்டும் அவர் முப்பத்தொரு வருஷமாகத் தலைவைத்துப் படுத்ததில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

அவர் பார்த்த வேலை இதுதான். சாலை போடும் முன் நிலத்தின் மேடு பள்ளத்தை அளக்க வேண்டும். சர்வேயர் ஒரு பக்கம் முக்காலி மேல் கருவியை வைத்துக் கண்ணாடி வழியே பார்ப்பார். எதிரே தூரத்தில், தரையில் அடித்த முளைக்குச்சியின் தலைமேல், எண்கள் எழுதிய நெட்டைக் கம்பை ஊன்றிக்கொண்டு ஒருவர் நிற்பார். கண்ணாடியில் தெரியும் எண்ணைச் சர்வேயர் நோட்டில் எழுதிக்கொண்டு, கருவியைத் தூக்கித் தோளில் போட்டு, கம்பைத் தாண்டி அந்தப் பக்கம் போய், அங்கிருந்து அதே கம்பை மறுபடி படிப்பார். அதுவரைக்கும் கம்பின் முகத்தைத் திருப்பலாம், கம்பின் காலை அசைக்கக் கூடாது. அசைந்தால் அதற்கப்புறம் எழுதுகிற கணக்கு முழுக்கப் பொய். அந்தத் தொழிலுக்கு இருக்கும் ஒரே சட்டம் அது.

கூடவே இன்னொரு சின்ன வேலையும் இருந்தது. மண்ணில் கை வைக்கும் முன் அந்த இடத்தைப் புகைப்படம் எடுத்துக் கோப்பில் வைப்பார்கள். ஆளே இல்லாத படத்தில் மலை எவ்வளவு பெரிது, பள்ளம் எவ்வளவு ஆழம் என்று யாருக்குப் புரியும்? அதனால் கம்புக்காரரையும் நிற்க வைத்தே எடுப்பார்கள். மலைக்கு அளவு காட்ட ஒரு மனிதன். அப்படி எத்தனையோ படத்தில் கடுகளவு நின்றிருக்கிறார். ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை, கேட்கவும் இல்லை.

அந்தப் படங்களையெல்லாம் தூக்கிக்கொண்டு ஒருநாள் காலையில் ஒரு பெண் வீட்டு வாசலில் வந்து நின்றார். புகைப்படக்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும். முதுகில் கனத்த பை, கையில் அலுவலகக் கோப்பு இரண்டு, முழங்கால்வரை புழுதி.

"ஐயா, இந்தப் படத்துல எல்லாம் நிக்கிறது நீங்கதானே?"

மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். "இதுவா இவரு? எறும்பு மாதிரி இருக்கு."

"நான்தான்" என்றார் கம்புக்காரர். "எறும்புக்கு ஏது தொப்பி?" சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆனால் எறும்பு என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

டீயைக் குடித்தபடியே அந்தப் பெண் விளக்கினார். மனிதன் கை வைத்து மாற்றிய நிலங்களைத்தான் அவர் படம் எடுக்கிறார். வெறும் படம் இல்லை. பழைய படத்தில் நின்றவர் அதே இடத்தில் அதே மாதிரி இருபது நிமிஷம் நிற்க வேண்டும். சுற்றி இருப்பவர்கள் பார்க்கலாம், பேசலாம், கேலிகூடச் செய்யலாம். நிற்பவர் அசையக் கூடாது. அப்படி நிற்பதுதான் நிகழ்ச்சி, அதுதான் கலை.

"சும்மா நிக்கிறதுக்குக் கலைன்னு பேரா?" என்றார் மனைவி. "அப்போ நான் இத்தனை வருஷமா ஒரு பெரிய கலைஞரோட குடும்பம் நடத்தியிருக்கேன். தெரியாமப் போச்சு."

பன்னிரண்டு இடங்கள். ஒவ்வொரு வாரமும் ஒன்று. ஓடை போன இடம் இப்போது ஒரு மருத்துவமனையின் வரவேற்பறை. அங்கே கம்பை ஊன்றி அவர் நின்றபோது இரண்டு பேர் வந்து, டோக்கன் இங்கேதானே என்று கேட்டார்கள். புல்வெளி இருந்த இடம் கார் நிறுத்துமிடமாகியிருந்தது. இரண்டு காருக்கு நடுவில் நின்றார். குளம் இருந்த இடத்தில் அட்டைப் பெட்டிக் கிடங்கு. அடுக்குகளுக்கு நடுவே பெட்டியோடு பெட்டியாக நின்றார். தண்ணீரில் கணுக்கால் நனைய நின்றது அந்த இடத்தில்தான் என்று பாதம் ஞாபகம் வைத்திருந்தது.

"கோவம் வரலையா ஐயா?" என்று புகைப்படக்காரர் அங்கே கேட்டார். அவருக்கு வந்தது போலிருந்தது.

"வருத்தம் இருக்கும்மா. நல்ல தண்ணி. நானே குடிச்சிருக்கேன்." கம்பைத் துடைத்தபடியே அவர் சொன்னார். "ஆனா இதையெல்லாம் வெட்டித் தூர்த்துத்தான் என் பொண்ணு படிச்சா. நான் தின்ன சோறு இந்த மண்ணு போட்டது. நாளைக்கு வருத்தப்படும்போது அதையும் சேத்துச் சொல்லணும்ல."

பன்னிரண்டாவது இடம் மலை. ஊரிலிருந்து நகரத்துக்குப் போகும் சாலைக்காக நடுவில் பிளந்த மலை. கம்புக்காரர் அன்று நின்ற உச்சி இப்போது இல்லை. அந்த இடத்தில் வெறும் காற்று. ஆறு மாடி உயரத்துக்குக் கீழே தார்ச்சாலை. சாலையில் சரியாக அந்த இடத்தில் ஒரு மேடு உண்டு. குதிமேடு என்று பெயர். அதில் ஏறி இறங்கும்போது பஸ்ஸில் உள்ள அத்தனை பேரும் ஒருமுறை எழும்பி உட்காருவார்கள். மலையைக் கிழக்கிலிருந்து ஒரு கூட்டமும் மேற்கிலிருந்து ஒரு கூட்டமும் வெட்டிக்கொண்டு வந்து நடுவில் சந்தித்தபோது, இரண்டு பக்கத்துக்கும் ஒரு சாண் ஏற்றத்தாழ்வு இருந்தது. வேறு வழியில்லாமல் சரித்துப் பூசி ஒப்பேற்றிவிட்டார்கள். தாரை எத்தனை முறை மாற்றினாலும் மேடு மட்டும் போகவில்லை.

பழி சர்வேயர் தலையில் விழுந்தது. கண் சரியில்லை, எண்ணைத் தப்பாகப் படித்துவிட்டார் என்றார்கள். கண்ணைச் சோதிக்க மூன்று முறை அனுப்பினார்கள். பிறகு கருவியை வாங்கிக்கொண்டு ஓர் அறையில் கோப்பு அடுக்க உட்கார வைத்துவிட்டார்கள். ஓய்வு பெறும்வரை அவர் வெயிலைப் பார்க்கவில்லை.

காற்றில் எப்படி நிற்பது? தெருவிளக்கு மாட்டும் கூடை வண்டியைப் புகைப்படக்காரர் ஏற்பாடு செய்திருந்தார். இரண்டு மணி நேரம் சாலையை மறிக்க அனுமதி. எதிர்ப்பக்கத்தில் வெட்டாமல் விட்ட பாறைமேல் கேமரா. பழைய படத்தைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, கேமராவின் பின்பக்கம் வைத்திருந்தார். தூரத்து மலைமுகடு இரண்டிலும் ஒன்றாகப் பொருந்தினால் இடம் சரி. கூடையின் உயரத்துக்கு அந்தக் காலத்துச் சர்வேயர் நோட்டிலிருந்த கணக்கை எடுத்துக்கொண்டார்.

கூடை ஏறத் தொடங்கியது. கீழே மனைவி குடையைப் பிடித்துக்கொண்டு சின்னப் புள்ளியானார். கூடை நின்றது. கம்பை ஊன்றித் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார். அதே முகடு. அதே காற்று. காலுக்குக் கீழே மட்டும் ஒன்றும் இல்லை. "உன் தலையிலதான் நிக்கிறேன், மன்னிச்சுக்கோ. எங்களுக்கு நிறையச் செஞ்சே" என்று இல்லாத மலையிடம் மெதுவாகச் சொன்னார். பக்கத்திலிருந்த வண்டிக்காரர், தன்னிடம் பேசுகிறார் என்று நினைத்து, "அதனால என்ன ஐயா" என்றார்.

அப்போது வாக்கி டாக்கியில் புகைப்படக்காரரின் குரல் வந்தது.

"ஐயா, நோட்டுல இருக்கிற உயரத்துலதான் கூடை நிக்குது. ரெண்டு தடவை அளந்துட்டேன். ஆனா பழைய படத்துல உங்க கால் இன்னும் கொஞ்சம் மேல இருக்கு. ஒரு சாண் இருக்கும். அந்தச் சர்வேயர் தப்பா எழுதிட்டார் போலிருக்கு. பரவாயில்ல, படத்துக்குக் கீழ அதையும் ஒரு வரி போட்டுடறேன். அசையாம நில்லுங்க, ஆரம்பிக்கிறேன்."

இருபது நிமிஷம். முப்பத்து நான்கு வருஷத்தில் நின்றதெல்லாம் சேர்ந்தாலும் அந்த இருபது நிமிஷத்துக்கு ஈடாகாது.

அன்றைக்கு முளைக்குச்சி அடித்திருந்தது ஒரு கட்டெறும்புப் புற்றை ஒட்டி. சர்வேயர் கிழக்கிலிருந்து எண்ணைப் படித்துவிட்டு, கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு அவரைத் தாண்டிப் போனார். போகும்போது, "அசையாதேப்பா" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் முதுகு திரும்பியதும் எறும்புகள் கால்சட்டைக்குள் ஏறின. ஒன்று இரண்டு இல்லை, ஒரு குடும்பமே ஏறியது. பொறுத்தார், பொறுத்தார், கடைசியில் கம்போடு துள்ளிப் பக்கத்திலிருந்த தட்டைக் கல்மேல் ஏறிவிட்டார். உதறிவிட்டுத் திரும்ப இறங்கலாம் என்று பார்த்தால், சர்வேயர் அந்தப் பக்கம் அதற்குள் முக்காலியைப் போட்டு, படிக்கப்போகிறேன் என்று கையைத் தூக்கிவிட்டார். எண்ணைப் படித்தார். அப்படியே ஒரு புகைப்படமும் எடுத்துக்கொண்டார். அவர் அடுத்த இடத்துக்கு நகர்ந்ததும் கம்புக்காரர் குனிந்து கல்லுக்குப் பக்கத்தில் கையை விரித்து வைத்துப் பார்த்தார். குச்சித் தலைக்கும் கல்லுக்கும் சரியாக ஒரு சாண்.

மலையில் ஒரு சாண் என்ன பெரிய விஷயம் என்று அன்று நினைத்தார். அந்த வாரம்தான் அவருக்கு வேலை நிரந்தரமாக வேண்டிய வாரம். தொட்டிலில் மகள். சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மென்று விழுங்கினார். நிரந்தர உத்தரவும் வந்தது. அதற்காகச் சர்வேயர் எழுதிக் கொடுத்த பரிந்துரையில் ஒரே ஒரு வரிதான். 'இவர் நின்றால் கம்பின் கால் அசையாது.' அதைப் படித்த பிறகு எந்த வாயைத் திறந்து சொல்வது?

வீடு, மகள் படிப்பு, ஓய்வூதியம், எல்லாம் அந்த ஒரு வரியில் வந்தது. இப்போது அந்த மனிதரைப் பற்றி இன்னொரு வரி எழுதிக் கண்காட்சிச் சுவரில் மாட்டப்போகிறார்கள்.

"முடிஞ்சுது ஐயா, பிரமாதம்" என்றது வாக்கி டாக்கி.

"அம்மா, முடியல" என்றார் கம்புக்காரர். "அந்த வரியைப் போடாதீங்க. அவர் எழுதினது சரி. நான்தான் கல்லு மேல நின்னேன். எறும்பு கடிச்சுது, ஏறிட்டேன், சொல்லல. கூடையை ஒரு சாண் தூக்கச் சொல்லுங்க. நான் நின்னது அங்கதான்."

பிறகு கூடை ஒரு சாண் ஏறியது. கேமராவின் கண்ணாடியில் பழைய தொப்பிமேல் புதுத் தொப்பியும், பழைய பாதத்தின்மேல் புதுப் பாதமும் போய் உட்கார்ந்தன. "இப்போ பொருந்துது ஐயா" என்று சொன்ன புகைப்படக்காரரின் குரல் மாறியிருந்தது. இன்னொரு இருபது நிமிஷம் நின்றார். இந்த முறை முழங்கால் முனகவே இல்லை.

கீழே இறங்கியதும் புகைப்படக்காரர் கேட்டார். "படத்துக்குக் கீழ என்ன ஐயா எழுதட்டும்?"

"நடந்ததை எழுதுங்க. ஆனா எனக்கு ரெண்டு நாள் டைம் குடுங்க. சுவத்துல பாக்கிறதுக்கு முன்னாடி அவர் என் வாயால கேக்கணும்."

மனைவியிடம் வீட்டுக்குப் போகும் வழியில் எல்லாவற்றையும் சொன்னார். அவர் குடையை மடித்து மடித்து விரித்தார். பிறகு, "அந்த மேட்டுல பஸ் குதிக்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்குவீங்க. வயித்துவலின்னு நெனச்சு எத்தனை கஷாயம் வச்சுக் குடுத்திருக்கேன்" என்றார். திட்டவில்லை. மறுநாள் தானும் வருகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

சர்வேயர் தனியாக இருந்தார். எழுபத்தாறு வயது. அந்த வீட்டில் எதுவும் கோணலாக இல்லை. அடுப்பின் ஒரு காலுக்கு அட்டை மடித்து வைத்திருந்தது. நாள்காட்டி சாயாமல் இருக்க, அதன் கீழ் விளிம்பை ஒட்டிச் சுவரில் பென்சில் கோடு. ஜன்னல் கட்டையில் ஒரு ரசமட்டம், நடுவில் குமிழி. கண்ணை நம்பாத மனிதன் வீடு என்று கம்புக்காரருக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது.

"கம்பா? நீயா? வா வா. எத்தனை வருஷமாச்சு. நீயும் வாம்மா."

உட்காரச் சொன்னார். கம்புக்காரர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். எறும்பு, கல், கையைத் தூக்கியது, உத்தரவு, அந்த ஒரு வரி. நடுவில் நிறுத்தினால் திரும்ப ஆரம்பிக்க முடியாது என்பதால் நிறுத்தாமல் சொன்னார்.

சர்வேயர் எழுந்து உள்ளே போய்விட்டார். மனைவி கணவரின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் கையில் பழுத்துப்போன சொந்த நோட்டு ஒன்றும் இரும்பு அடிக்கோலும் இருந்தன.

"கல்லு எவ்வளவு உயரம்?"

"ஒரு சாண் சார். அன்னைக்கே கை வச்சுப் பாத்தேன்."

"கையை வை."

கம்புக்காரர் மேசைமேல் கையை விரித்து வைத்தார். சர்வேயர் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை அடிக்கோலை வைத்து, மூக்கு தொடும் அளவுக்குக் குனிந்து படித்தார். "இருபத்திரண்டு சென்டிமீட்டர்" என்றார். நோட்டைப் பிரித்து ஒரு பக்கத்தைத் தொட்டார். அங்கே, மேட்டில் விழுந்த வித்தியாசம் என்று எழுதிய எண்ணைச் சுற்றித் தாள் கிழியும் அளவுக்குக் கோடு போட்டிருந்தது. இருபத்திரண்டு.

"மூணு தடவை கண்ணாஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க. தெரியுமா உனக்கு?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சும் வாயைத் திறக்கல."

"திறக்கல சார். நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன். அடிச்சாலும் சரி."

"எறும்பா?"

"கட்டெறும்பு சார்."

சர்வேயர் நாற்காலியில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்த மனைவி பக்கத்தில் போய்ப் பார்த்தால், கண்ணீரும் சிரிப்பும் சேர்ந்தே வந்துகொண்டிருந்தன. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வெறுங்கண்ணால் அந்த நோட்டையே பார்த்தார்.

"சரியாத்தான் பாத்திருக்கு" என்றார். "என் கண்ணு சரியாத்தான் பாத்திருக்கு. இத்தனை வருஷம் அதைப் போட்டுத் திட்டினேனேப்பா. கோவம் இருக்கு உன்மேல. இல்லைன்னு சொல்லமாட்டேன். ஆனா நான் போறதுக்குள்ள வந்து சொன்னே பாரு. என் கண்ணை எனக்கே திருப்பிக் குடுத்துட்டே. புண்ணியமாப் போவே."

ஊருக்கெல்லாம் அந்த வார்த்தையைச் சொன்ன மனிதர், தனக்கு ஒருவர் சொன்னபோது என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். அழத்தான் முடிந்தது. "நான்தான் சார் சொல்லணும், அந்த ஒரு வரிக்கு நான் இன்னும் சொல்லவே இல்ல" என்று தொடங்கியவருக்கு மேலே வரவில்லை. மனைவி சொன்னார். "எங்க வீட்டுல எரியற அடுப்பு நீங்க எழுதின வரி சார். அதைத்தான் சொல்ல வர்றார்."

கண்காட்சி நகரத்தில். சர்வேயர் முப்பது வருஷமாக நகரத்துக்குச் சுற்றுவழியில்தான் போவார், மலைச்சாலையில் கால் வைப்பதில்லை. அன்றைக்கு அவரே, "நேர்வழியிலயே போவோம்" என்றார். மூன்று பேரும் பஸ்ஸில் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். ஜன்னல் ஓரம் சர்வேயருக்கு.

மலைப் பிளவுக்குள் பஸ் நுழைந்ததும் நடத்துநர் வழக்கம்போலக் குரல் கொடுத்தார். "கெட்டியாப் புடிச்சுக்குங்க, மேடு வருது. எவன் செஞ்ச வேலையோ, தெனமும் என் முதுகு போகுது."

சர்வேயர் திரும்பிக் கம்புக்காரரைப் பார்த்தார்.

கம்புக்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, பஸ் ஆட ஆட, எழுந்து நின்றார்.

"நான்தாம்பா" என்றார். "நான் செஞ்ச வேலை."

நடத்துநர் விழித்தார். பஸ் ஏறி இறங்கியது. அத்தனை பேரும் எழும்பி உட்கார்ந்தார்கள். நின்றிருந்தவர் மட்டும் அசையவில்லை, ஏனென்றால் ஒரு பக்கம் மனைவியும் ஒரு பக்கம் சர்வேயரும் அவர் கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தார்கள்.